அஞ்சலைக்கும் என் தோல்தான்

1984 ஏப்ரல் 23, திங்கள்

இன்று போளூர் டாக்டரிடம் தனியாகப் போய் வந்தேன். மூக்கோரத்துப் புண் மாசியிலிருந்து ஆறவே இல்லை. அவர் மரத்துப்போக ஊசி போட்டு, அதிலிருந்து கடுகளவு சதையை வெட்டி எடுத்தார். சோதித்துப் பார்க்க வேலூருக்கு அனுப்புவாராம்.

"பிறவியிலேயே வெளுத்த தோல் வெயிலைத் தாங்காதும்மா. இந்தக் களிம்பை தினமும் தடவணும். மேகம் போட்டிருந்தாலும் விடக் கூடாது" என்றார். புண் என்னவென்று கேட்டதற்கு, முடிவு வரட்டும் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்காரர் என் மூக்கில் பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, "இன்னா சொன்னாரு டாக்டரு?" என்று கேட்டார்.

"தெனம் களிம்பு பூசிக்கினு போவணுமாம்."

"பூசிக்கினுதான் புளியமரம் ஒலுக்கற கூலிக்குப் போவியா?" என்று சிரித்தார். சதை எடுத்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் அஞ்சலை விளையாடிவிட்டு ஓடி வந்தாள். என்னைப் போலவே வெளுத்துப் பிறந்த மகள். கன்னமும் காதும் வெந்து சிவந்திருந்தன. தினமும் இப்படித்தான் வருவாள், நானும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்று மடியில் இழுத்துப் போட்டு முகம், கழுத்தெல்லாம் களிம்பை அப்பினேன்.

"பொழுது போய்ட்ச்சேம்மா, இப்ப எங்க வெயிலு?" என்றாள்.

"நாளிக்கு வரும்டி."

தடவும்போது காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பொருக்கு விரலில் தட்டியது. கொசுக்கடியாகத்தான் இருக்கும். விடிந்ததும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.