சீரியஸ் என்று சொன்னாயே

துடியலூர்
16.9.96

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான், அப்பா, உன் தம்பி மதன்குமார் எல்லோரும் சுகம். உன் சுகத்தை அறிய ஆவல் என்று அடுத்த வரி எழுதுவதுதான் வழக்கம், ஆனால் வெள்ளிக்கிழமை உன் சுகத்தை அறிய ஆவல்பட்டு ஊரே நம் வாசலில் வந்து நின்றுவிட்டது, நீ பூனாவில் ஹாஸ்டலில் உட்கார்ந்து சப்பாத்தி தின்றுகொண்டிருந்தாய் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை கண்ணு, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நடந்தது முழுசாக உனக்குத் தெரியாது. மதன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசியபோது நீ சிரித்தாயாம். சிரிப்பு வருமா வராதா என்று இதைப் படித்துவிட்டுச் சொல். நீ பக்கத்து வீட்டு கலீல் ரஹ்மான் பாய் போனுக்குப் பேசினாய் அல்லவா, அன்றைக்குப் பார்த்து பாய் தொழுகைக்குப் போய்விட்டார், போனை எடுத்தது அவர் மனைவி சாயிரா பானு. லைனில் ஒரே இரைச்சல், பேசுவது நீதான் என்றே அந்தம்மாவுக்குத் தெரியவில்லை, உன்னோடு தங்கியிருக்கும் பெண் யாரோ என்று நினைத்துக்கொண்டார். காதில் விழுந்தது லோகப்பிரியா, சீரியஸ், அவிநாசிக்காரங்க வர வேண்டாம், இவ்வளவுதான். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. பாவம், செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து, அக்கா, லோகு சீரியஸாமுங்க, பூனாவுல இருந்து போன் வந்துச்சுங்க என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீ சொல்லச் சொன்னது என்ன, நான் கட்டிக்கொள்ள நினைக்கும் அந்த சீனிவாசலு விஷயத்தில் நான் சீரியஸாக இருக்கிறேன், அவிநாசி மாப்பிள்ளை வீட்டாரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லாதீர்கள் என்பது. எங்களுக்கு வந்து சேர்ந்தது என்ன பார்.

சீரியஸ் என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா அம்மணி. பூனா போய்ச் சேர்ந்ததும் அதுவும் மறந்துவிட்டதா. தாராபுரத்தில் என் அப்பா போனபோது மாமா கொடுத்த தந்தியில் ஃபாதர் சீரியஸ் என்றுதான் இருந்தது, நாங்கள் போய் இறங்கும்போது வாசலில் பந்தல் போட்டிருந்தது. செத்தார் என்று எழுத யாருக்கும் கை வராது, அதனால் சீரியஸ் என்று எழுதி வரவழைப்பார்கள், வருகிறவர்களும் தெரிந்துகொண்டேதான் வருவார்கள். அதனால் சாயிரா அந்த வார்த்தையைச் சொன்னதும் நான் எந்த ஆஸ்பத்திரி, என்ன வியாதி என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. அப்பா பட்டறையில் லேத்தை ஓடினது ஓடினபடி விட்டுவிட்டு வந்தார். பீரோவைத் திறந்து நீ பாவாடை தாவணியில் எடுத்துக்கொண்ட போட்டோவை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். போட்டோ எதுக்குங்க என்று கேட்டேன். சட்டைப்பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே படி இறங்கினார். நாச்சியம்மாள் அத்தை தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள், தாராபுரம் மாமா கார் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மதன் மட்டும்தான் பூத்துக்கு ஓடி, கிடைக்காத லைனை விடாமல் சுழற்றி, கடைசியில் உன் குரலைக் கேட்டுவிட்டு வந்து சொன்னான். அப்பாவை ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் இருந்து பிடித்து இழுத்து வந்ததும் அவன்தான்.

அதற்குப் பிறகு அவன் செய்த வேலைதான் எனக்கு வயிற்றெரிச்சல். பாலிடெக்னிக்கில் வாங்கின டிக்ஷனரியைத் தூக்கிக்கொண்டு வந்து, அத்தை மாமா எல்லோரையும் உட்காரவைத்து வாசிக்கிறான். சீரியஸ் என்றால் விளையாட்டில்லாத, முக்கியமான, ஆழ்ந்து யோசிக்கிற, உறுதியான, இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் ஆபத்தான என்று போட்டிருக்கிறதாம். நானு சீரியஸா படிக்கறேன்னு சொன்னா டாக்டரையா கூப்புடுவீங்க என்று கேட்கிறான். நீ எப்படா சீரியஸா படிச்சே என்று அத்தை கேட்டாள், அந்த அழுகைக்கு நடுவிலும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே வார்த்தைக்குள் சாவையும் கல்யாணத்தையும் சேர்த்து வைத்தவனை என்ன சொல்வது. அக்கா சின்சியர் என்றாவது சொல்லியிருக்கலாம் என்றான். அதைச் சொல்லியிருந்தால் நீ ஆபீசில் நல்ல பேர் வாங்கிவிட்டாய் என்று சாயிரா வந்து சொல்லியிருப்பார், நானும் பாயசம் வைத்திருப்பேன். ஏன் கண்ணு, தமிழில் உனக்கு வார்த்தையா இல்லை. மெய்யாக, நிசமாக, உறுதியாக, முடிவாக, மனசார, எத்தனை இருக்கிறது. நான் முடிவா இருக்கறேன் என்று சொல்லியிருந்தால் சாயிராவுக்கும் புரிந்திருக்கும், எனக்கும் புரிந்திருக்கும், கோபம் வந்திருக்கும், அத்தோடு போயிருக்கும்.

அவிநாசிக்காரர்கள் கதையைக் கேள். புரட்டாசி பிறப்பதற்குள் வீடு பார்த்துவிட்டுப் போகிறோம் என்று நேற்று வருவதாக இருந்தவர்கள், பொண்ணு சீரியஸா இருந்துச்சாமே என்று ஆள் விட்டுக் கேட்டார்கள். அப்படியெல்லாம் இல்லைங்க, நன்றாக இருக்கிறாள், வார்த்தைதான் மாறிப்போச்சு என்று நானும் மாமாவும் மாற்றி மாற்றிச் சொன்னோம். என்னவென்று விளக்குவது, அவள் வேறொரு பையன் விஷயத்தில் சீரியஸாக இருக்கிறாள் என்றா. மென்று விழுங்க விழுங்க அவர்களுக்குச் சந்தேகம் அதிகமாகிவிட்டது. உடம்புக்கு முடியாத பெண்ணை மறைத்துக் கட்டப் பார்க்கிறார்கள் என்று முடிவு செய்து வராமலே நின்றுவிட்டார்கள். நல்ல இடம், பல்லடத்தில் தறிப்பட்டறை, பையனும் சாது. அப்பா அன்றிலிருந்து உன் பேரை எடுக்கவில்லை. போட்டோவையும் பீரோவில் திரும்ப வைக்கவில்லை, சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைத்துக்கொள்கிறார். கேட்டால் முறைக்கிறார்.

இனி நான் எழுதப்போவது யாருக்கும் தெரியாது, உனக்குத்தான் முதலில். சாயிரா சொல்லிவிட்டு அழுதபோது நான் நேரே பூஜை அலமாரி முன்னால் போய் விழுந்தேன். முதலை விழுங்கின பிள்ளையை வாயிலிருந்து திரும்ப வாங்கிக் கொடுத்த அவிநாசியப்பனைத்தான் கூப்பிட்டேன். எம்புள்ளைய உசுரோட குடுத்துரு சாமி, அவ மனசுக்குப் புடிச்சவன் எவனா இருந்தாலும் நானே முன்ன நின்னு உன் சன்னதிக்குக் கூட்டிட்டு வாரேன் என்று வேண்டிக்கொண்டுவிட்டேன். அப்போது எனக்கு சீனிவாசலுவும் நினைவில் இல்லை, அவன் தெலுங்குக்காரன் என்பதும் நினைவில் இல்லை, நீ மட்டும்தான் இருந்தாய். கொஞ்ச நேரத்தில் மதன் வந்து நீ நன்றாக இருக்கிறாய் என்று சொல்லிவிட்டான். சாமி கொடுத்துவிட்டது. இப்போது நான் போய், சாமி, அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமும் இருக்கிறதாம், என் மகளுக்கு ஒன்றும் ஆகவே இல்லையாம், அதனால் நான் வேண்டிக்கொண்டது செல்லாது என்று சொல்ல முடியுமா. மதனுடைய டிக்ஷனரியையா சன்னதியில் விரித்துக் காட்டுவது. உன்மேல் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று இப்போதாவது புரிகிறதா. மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு வழி இருந்தது, ஒரே வார்த்தையில் அதையும் அடைத்துவிட்டாய்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, அந்த ஊர் மழையில் தலையை நனைத்துக்கொண்டு அலையாதே. நீ நூறு வருஷம் சீரும் சிறப்புமாக இருக்க வேண்டும் என்று அவிநாசியப்பனை வேண்டிக்கொள்கிறேன், இந்த வேண்டுதலில் வேறு எந்தப் பேச்சும் இல்லை. சாயிரா இன்னும் குற்றம் செய்தவர் போல முகம் காட்டாமல் இருக்கிறார், அவருக்கு ஒரு கடுதாசி போடு, தமிழில் போடு. சீனிவாசலுவின் அப்பா அம்மாவை தீபாவளி கழித்து வந்து பேசச் சொல். அதற்குள் நான் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, நஞ்சம்மா, நீ சீரியஸாத்தான் சொல்றயா என்று கேட்பார். ஆமாங்க என்று சொல்லிவிடுவேன்.

உன் அம்மா,
வெ. நஞ்சம்மாள்