எல்லாருக்கும் எடுத்த சேலை

21 ஜூலை 2025, திங்கள்
சிவப்பு என்றால் கோபம் என்று முதலில் முடிவு செய்தது யார்? எனக்குத் தெரியாது. சாயங்களில் முனைவர் பட்டம் வாங்கியும் தெரியாது. அந்தப் பட்டத்தை நம்பித்தான் என் பழைய மாணவி ஜஸீலா, தன் முதல் படத்துக்கு உடை பார்க்கச் சொல்லியிருக்கிறாள்.

முக்கியமான காட்சி இது: காதல் கல்யாணம் செய்ததால் வீட்டார் ஒதுக்கிய பெண், தங்கையின் கல்யாண ஊர்வலத்தில் வந்து நிற்கிறாள். வசனம் இல்லை. வெளிறிய கூட்டத்தில் அவள் மட்டும் சிவப்பு.

"அவ கோபம் எல்லாருக்கும் புரிஞ்சிரும் மேம்."

கல்யாணத்துக்கு யார் வெளிறிய சேலை கட்டுவார்கள் என்று கேட்டேன். சிரிக்கிறாள்.

23 ஜூலை, புதன்
பணம் போடுபவர் ஜஸீலாவின் மாமா சுலைமான், ஜவுளிக்கடைக்காரர். "வாயத் தெறக்காம ஒரு பொம்பள நிக்கிறதுக்கு இம்புட்டு லைட்டா? நாலு வார்த்த அழுதுக்கிட்டே பேசச் சொல்லும்மா."

சனிக்கிழமை அந்தக் காட்சியை அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். புரியாவிட்டால் வசனம் வைத்தே ஆக வேண்டும். வைத்தால் அது தன் படம் இல்லை என்கிறாள் ஜஸீலா. இப்போது சிரிப்பைக் காணோம்.

24 ஜூலை, வியாழன்
சிவப்புச் சேலையை அலசிப் பார்த்தேன். சாயம் போகவில்லை. நான் நம்புவது அதை மட்டும்தான்.

25 ஜூலை, வெள்ளி
வண்டியூர் தெப்பக்குளக் கரை. ஒத்தக்கடைப் பக்கமிருந்து ஊர்வலக் கூட்டமாக நடிக்க வந்த பெண்கள் வேனை விட்டு இறங்கினார்கள் — அத்தனை பேரும் ஒரே சிவப்பு!

அழைத்து வந்த பாண்டியம்மாளிடம், "வெளிர் நூல் சேலைதானே சொன்னோம்?" என்றேன்.

"சினிமாவுல மூஞ்சி தெரியப் போகுது, வீட்டுச் சேலயவா கட்டுவாக? முளைப்பாரித் திருவிழாவுக்கு ஊரே சேந்து ஒண்ணா எடுத்த சேல டீச்சர்!"

படம் பிடிக்க அனுமதி இன்று மட்டும். மாற்றுச் சேலை இல்லை. நாயகி தமிழ்வாணி தன் சிவப்புச் சேலையில் கூட்டத்துக்குள் போனாள்; எங்கே என்றே தெரியவில்லை. ஜஸீலா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் யோசித்தேனா? இல்லை. தமிழ்வாணியை வேனுக்குள் இழுத்துப் போய் என் சாம்பல் நிறக் கைத்தறியை அவளுக்குக் கட்டிவிட்டு, அவளுடைய சிவப்பை நான் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.

"ஆத்தீ! டீச்சர இன்னைக்கே பொண்ணு கேக்கலாம் போலயே!" என்றாள் பாண்டியம்மாள்.

"வாரவருக்குச் சமைக்கத் தெரியுமான்னு கேளு."

நானா அப்படிச் சொன்னேன்? கரையே சிரித்தது.

சாம்பலுக்கு என்ன அர்த்தம் என்று ஜஸீலா கேட்டாள். "அழுக்குத் தெரியாது" என்றேன்.

26 ஜூலை, சனி
ஜஸீலா வீட்டில் காட்சியைப் போட்டோம். சிவப்பு சிவப்பாக ஊர்வலம் போகிறது. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒருத்தி. சுலைமான் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"எல்லாருக்கும் ஒண்ணா சேல எடுத்திருக்காக. அந்தப் புள்ளய மட்டும் விட்டுட்டாகளே?"

திரையை நோக்கிக் கை நீட்டினார்.

"அக்காக்காரிம்மா அவ. அவளுக்குல்ல மொதச் சேல எடுத்திருக்கணும்!" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வசனத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. "இன்னொரு தடவ போடு" என்றார்.

ஜஸீலா போட்டாள்.