பொருந்தாத பிராசசர்

அன்புள்ள அப்பாவுக்கு,

அனுப்ரியா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். கண் கட்டைப் பிரித்துவிட்டார்களா? எரிச்சல் இருக்கிறதா? பக்கத்து வீட்டு மங்கம்மா அத்தையை இதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நான் செய்ததை அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

உங்கள் ஆபரேஷன் அன்று கம்பெனியில் லீவு தரவில்லை என்றேன். அது பொய். போனில் சொல்ல வாய் வரவில்லை. கேம் விளையாட நானே பாகம் பாகமாகச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் பூட்ட ஆசைப்பட்டு, பாகங்கள் வாங்க பெங்களூர் போயிருந்தேன். ஓசூர் வந்து ஹாஸ்டலில் பிரித்தால், அதன் மூளையான பிராசசர் சிப், எல்லாவற்றையும் தாங்கும் மதர்போர்டு பலகையில் உட்காரவே இல்லை. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"ரெண்டும் ஜோடி சேராதும்மா. வெவரம் தெரிஞ்சவங்க யாரையாச்சும் தொணைக்குக் கூட்டியாந்திருக்கலாமில்ல?" என்றார்.

துணை என்றதும், கண்ணில் கட்டோடு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் தனியாக நம் ஊத்தங்கரைக்கு பஸ் ஏறியதுதான் மனதில் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

மாற்றித் தர இந்த ஞாயிறுதான் கடைசி நாளாம். போகப் போவதில்லை. அன்று வீட்டுக்கு வருகிறேன். இங்கே குளிர் அதிகம். திரும்பும்போது கொண்டு வர என் பழைய போர்வையை எடுத்து வையுங்கள். அறையில் பேச்சுத்துணைக்கும் ஆளில்லை.

ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. கண்ணைக் கசக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சொட்டு மருந்தை நானே விடுகிறேன்.

உங்கள் மகள்,
அனுப்ரியா