மணி அடிக்கும்போது யார் கழுத்தில்

ஜூலை 6

அன்புள்ள பூனைக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்ப முடியவில்லை. நேற்று வராந்தாவில் பார்த்தபோது முகம் வாடியிருந்தது. ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதமா என்று உன் மருமகள் சிரித்தாளாம். சிரிக்கட்டும். காது மந்தமான எனக்குத் தொலைபேசி எதற்கு?

உன் சர்வதேசத் தொடக்கப்பள்ளியின் மாலை நேரத் தமிழ் நாடக வகுப்பை என்னிடம் ஒப்படைத்து ஒரு மாதம் ஆகிறது. இருமொழிக் கல்வி என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கிறாய். உள்ளே வந்தால் அரைத் தமிழ், அரை இங்கிலீஷ். நாடகத்தில் குடையோடு வரும் முன்பல் விழுந்த சிறுமி, அந்தக் குடைக்காரி, "டீச்சர், என் அம்ப்ரெல்லா ஸ்டக் ஆயிடுச்சு, ஓப்பனே ஆக மாட்டேங்குது" என்கிறாள். நீச்சலையும் சதுரங்கத்தையும் விட்டு, தானாக என் வகுப்பைத் தேர்ந்தெடுத்தவள். பள்ளி விழா நாடகத்தின் முதல் வசனமே அவளுடையது.

அதனால் நாம் படித்த கான்வென்டின் வைத்தியத்தைக் கையில் எடுத்தேன். நினைவிருக்கிறதா? தமிழ் பேசினால் கழுத்தில் அட்டை. அடுத்துப் பேசுகிறவளைப் பிடித்து மாட்டும்வரை கழற்றக் கூடாது. மாலை மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே தலைகீழ்: இங்கிலீஷ் பேசினால் அட்டை. "இன்று நான் தமிழை மறந்தேன்" என்று நானே எழுதினேன். முத்து முத்தாக இருக்கிறது, வந்து பார்.

உன்
சட்டாம்பிள்ளை

ஜூலை 19

அன்புள்ள சட்டாம்பிள்ளைக்கு,

உன் கையெழுத்தைக் குறை சொல்ல யாரால் முடியும்? பார்த்தேன். குடைக்காரிதான் அட்டையைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். மற்றவர்களைப் பிடித்துக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இப்போது அவள் கணக்கு வகுப்பிலும் பேசுவதில்லை. அவள் அம்மா என் அறைக்கு வந்து அழுதாள். "வீட்டுல வாயே ஓயாது மேடம். இப்ப தண்ணி வேணும்னாக்கூட கையைக் காட்டுறா."

அட்டையை எடுத்துவிடேன். உத்தரவு இல்லை, கேட்டுக்கொள்கிறேன்.

பூனை

ஜூலை 21

அன்புள்ள பூனைக்கு,

அம்மாக்கள் அழத்தான் செய்வார்கள். நாம் இங்கிலீஷ் கற்றது எப்படி? நீ இன்று அந்தத் தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எதனால்? ஒரு பருவம் முழுக்க அட்டை உன் கழுத்திலேயே கிடந்தது. உனக்கு அது நகை என்று மதர்கூடச் சிரித்தாரே! நீயும்தான் சிரித்தாய்.

பிடிவாதத்துக்குப் பிடிவாதமே மருந்து. விழாவன்று குடைக்காரி பேசுவாள். பேசாவிட்டால் என் பெயரை மாற்றி வை.

சட்டாம்பிள்ளை

ஆகஸ்ட் 11

என் சட்டாம்பிள்ளைக்கு,

நேற்று திரை விலகியது. நடுமேடையில் குடைக்காரி. குடையும் விரியவில்லை, வாயும் திறக்கவில்லை. திரை மறைவிலிருந்து நீ எடுத்துக்கொடுத்த வசனம் மூன்றாம் வரிசை வரை கேட்டது. அவள் மெல்லக் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். மேடையில் அவள் கழுத்தில் அட்டை இல்லை, இருந்தும் தடவினாள். என் கையும் என் கழுத்துக்குப் போயிற்று.

நான் அன்று சிரிக்கவில்லையடி. நீ சிரித்தாயே என்று பல்லைக் காட்டினேன். என் அப்பா இறந்த வாரம், பள்ளி மூலையில் நின்று "அப்பா, அப்பா" என்று அழுதேன். அதுவும் தமிழ்தான் என்று உன் கழுத்து அட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாய். இத்தனை வருஷம் இதைக் கேட்டதில்லை. உன்னை இழக்க மனமில்லை.

அந்தப் பெண்ணை நீச்சலுக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த பருவம் உன் வகுப்பை வேறொருவர் எடுப்பார். உன் வீட்டுக்காரர் போன பிறகு நீ தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்றுதான் அதைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல வீட்டுக்கு வா.

உன் பூனை

ஆகஸ்ட் 14

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நாடக உடை அலமாரியின் சாவியைக் காவலாளியிடம் ஒப்படைத்திருக்கிறேன். இரண்டாம் தட்டில் குடை இருக்கிறது. கம்பியைச் சரிசெய்துவிட்டேன், சின்னக் கைக்கும் இனி விரியும். அதை உரியவளிடம் சேர்க்கவும். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பற்றி எழுதியிருந்தீர்கள். மழை விட்டால் பார்க்கலாம். விடுவதாகத் தெரியவில்லை.

அட்டையைத் திருப்பி அனுப்பவில்லை. மணி அடித்துவிட்டது. அது யாரிடம் இருக்கிறதோ அவள்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் நாடக ஆசிரியை