பெரியம்மா கிழித்த பத்திரம்

பெரியம்மா,

நான் இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். எங்கள் அம்மாவின் இறுதிச்சடங்குக்கு நீங்கள் வராததை நாங்கள் ஐந்து பிள்ளைகளும் மறக்கவில்லை. ஆனாலும் உங்கள் வீடு பறிபோய்விடுமோ என்ற பயத்தில் எழுதுகிறேன்.

உங்களுக்கு நினைவு தப்பினாலும் செல்லும்படி உங்கள் மகன் டெஸ்மண்டுக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தைக் கிழித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்கள். நேற்று நம் பெண்டிகோ ஊர்க் கிளப்பில் அவன் அதன் நகலை ஆட்டிச் சிரித்தான்: “கெழவி கிழிச்சா என்னடா? இதைப் பதிஞ்சு வைக்க இந்த நாட்டுல ஆபீஸா இருக்கு? கிழிச்சதைப் பேங்க்காரன் கனவா காணப்போறான்?”

அடுத்த மாதம் உங்கள் வீட்டை விற்கப்போகிறான். உடனே வக்கீலிடம் போய், சாட்சிகள் முன் ரத்து எழுதி, வங்கியில் நீங்களே கொடுங்கள்.

அவன் முஷ்டியைச் சிறுவயதிலிருந்தே அறிவேன். நாங்கள் ஐவருமே அந்தக் கிளப்பில்தான் குடிக்கிறோம். எவன் எழுதினான் என்று தேடட்டும். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.