கயிறு கட்டிய கல்

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். நீயும் நலம்தான், கண்ணாலேயே பார்த்தேன். வெளியூர்த் தண்ணீர் உனக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது போல, கன்னமெல்லாம் பளபளவென்று இருக்கிறது.

எங்கள் தையல்காரப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து பஸ் பிடித்துச் சுற்றுலா போகிறோம், உன் ஊர் வழியாகத்தான் போகும், ஒரு எட்டு வீட்டுக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறேன் என்று போனில் சொன்னேன். குடும்பத்தோடு வெளியூர் போகிறோம் அக்கா, வீடு பூட்டிக் கிடக்கும் என்றாய். நானும் தலையை ஆட்டினேன். என் காதில் பூ சுற்றுவது உனக்குச் சின்ன வயதிலிருந்தே சுலபம்.

மதியச் சாப்பாட்டுக்கு உன் ஊரில்தான் பஸ் நின்றது. எதிரே பெரிய பூங்கா. உள்ளே ஜப்பான் தோட்டம் இருக்கிறது என்று எங்களோடு வந்த பட்டன் கடைக்காரி என்னை இழுத்துக்கொண்டு போனாள். தோட்டம் என்கிறார்கள், மருந்துக்கும் ஒரு பூ இல்லை. மணலைச் சீப்பு போட்டு வாரி வைத்திருக்கிறார்கள், அதில் கால் வைக்கக் கூடாதாம். பாலத்தை எதற்கு அப்படி வளைத்தார்களோ, ஏறி இறங்குவதற்குள் முழங்கால் கெஞ்சுகிறது. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள், நான் மட்டும் நடந்தேன்.

மூங்கில் வேலி ஓரமாக ஒரு நடைபாதை பிரிந்தது. அதன் முதல் கல்லின் மேல் சின்னதாக ஒரு உருண்டைக் கல். கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் பொட்டலம் மாதிரி கட்டியிருந்தது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், யார் காலையாவது தடுக்கிவிடப் போகிறது என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன்.

வேலி திரும்பியதும் நீ நிற்கிறாய். கோட்டும் சூட்டுமாக. பக்கத்தில் உன் பெண்டாட்டி, சம்பந்தி மாதிரி இரண்டு பேர், நடுவில் நம் சிட்டு. அவள் கையைப் பிடித்து மோதிரத்தைக் காட்டிக்கொண்டு ஒரு பையன். எதிரே போட்டோக்காரர். என் தம்பி மகளுக்கு நிச்சயம் ஆன சேதி எனக்குத் தெரிந்தது இப்படித்தான்.

அவள் போட்டிருந்த இளம்பச்சைக் கவுன் நான் தைத்தது. சிநேகிதி வீட்டு விசேஷத்துக்கு வேண்டும், நீங்கள்தான் தைக்கணும் அத்தை என்று அவளே போன் பண்ணினாள். கழுத்தோரம் ஒவ்வொரு மணியாகக் கோத்துத் தைத்தேன். பொய் சொன்னாலும் என் கைத்தையல் வேண்டும் என்று கேட்டாளே, அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதையும் சேர்த்து உன்மேல்தான் வைத்திருக்கிறேன்.

நீ என்னைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லாதே, உன் முகத்தில் ஈயாடவில்லை. யாரோ ஒரு அம்மா படத்துக்குள் வந்துவிட்டார், உங்களுக்குத் தெரிந்தவரா என்று போட்டோக்காரர் கேட்டார். இல்லை என்றாய். சொல்லிவிட்டுக் குளத்து மீனைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாய். உனக்குத் தலை வாரிவிட்டு, சட்டை மாட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். சிட்டு என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள், அதை உன் பெண்டாட்டி பிடித்து இறக்கினாள்.

எதற்கு என்று எனக்குத் தெரியும். சிட்டுவுக்குப் பார்த்த போன சம்பந்தம் என் வாயால் கெட்டது என்று அவள் சொல்லித் திரிகிறாளே. அந்தப் பையன் இல்லாத வேலையை இருப்பதாகச் சொன்னான், நான் சபையில் கேட்டேன். கேட்காமல் சிட்டுவைக் கிணற்றில் தள்ளியிருக்க வேண்டுமா? இன்றைக்கும் அங்கேயே உன் மானத்தை வாங்கியிருப்பேன். குழந்தை முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். என் வாய்க்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று உனக்கே தெரியும்.

வெளியே வந்தால் தோட்டக் காவலாளி பிடித்துக்கொண்டார். கயிறு கட்டின கல் வைத்திருந்தால் இந்த வழியாக வராதே என்று அர்த்தமாம். கதவு, பூட்டு எதுவும் வேண்டாமாம், பார்த்தவுடனே விருந்தாளி திரும்பிப் போய்விட வேண்டுமாம். நீயும் வாசலில் ஒரு கல்லைக் கட்டி வைத்திருக்கலாம், வெளியூர் கதையெல்லாம் மிச்சம். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கல்லை நானே பழைய இடத்தில் வைத்தேன்.

வீடு பூட்டியிருந்தாலும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று உனக்குத் தைத்து எடுத்து வந்த சட்டைகளை பஸ் டிரைவருக்குக் கொடுத்துவிட்டேன். வயிற்றுப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் வாய் நிறைய நன்றி சொன்னார்.

இனி போன் பண்ணாதே. கல்யாணத்துக்கு வந்து கூப்பிடுகிறேன் பேர்வழி என்று என் வாசலில் நிற்காதே. சிட்டுவிடம் மட்டும் சொல், கவுனின் இடுப்பில் உள்பக்கம் துணி தாராளமாக விட்டிருக்கிறேன், நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். அவளும் இந்தப் பையனும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கட்டும்.

நான் உள்ளே வந்தபோது போட்டோக்காரர் ஒன்று எடுத்துவிட்டார். சிட்டுவுக்குப் பின்னால், வேலி ஓரத்தில், தோளில் பையோடு நான் நிற்பேன். யாரோ ஒரு அம்மா என்று அதை அழிக்கப் பார்ப்பார். அந்த ஒரு படத்தை மட்டும் அழிக்க வேண்டாம் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா