சின்னப் பெட்டிக்கு ஓர் அட்டை

வெர்ல்,

நான் ப்ரோவோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். நம் மகள் ஷேலினுக்கு இன்று காலை பிரசவமாகிவிட்டது. பையன். மூச்சில்லாமல்தான் பிறந்தான்.

பக்கத்து வீட்டு அர்டெத் உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்துச் சுட்டுக் கொண்டுவந்தாள். அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சூடுபண்ணிச் சாப்பிடு.

நாளை அடக்கத்தில் அவன் சவப்பெட்டிமேல் வைக்க ஓர் அட்டை வேண்டும். தாளில் பூவேலை வெட்டும் என் அச்சும், அதை அழுத்தும் கை மெஷினும் மேஜைமேல் இருக்கின்றன. நான் வெட்டிய இரண்டும் பிய்த்தெடுக்கும்போது கிழிந்துபோயின. நீ வெட்டு. அச்சுக்கும் தாளுக்கும் நடுவே மெழுகுத் தாளை வை. மெஷினில் ஒரு தடவை விட்டால் சின்ன இலைகளின் ஓரம் அறாது. அச்சு வைத்த தட்டைத் திருப்பி இன்னொரு தடவை விடு. அவசரப்பட்டுப் பிய்க்காதே. அச்சின் பின்னாலுள்ள துளைகளில் ஊசியால் மெல்லக் குத்தினால் தாள் தானாகக் கழன்று வரும்.

"கல்யாணம் ஆகாம பெத்துக்கிறவ இந்த வாசப்படி ஏறக் கூடாது"ன்னு கத்தினாயே, அதற்கு உன்னோடு சண்டை போட இன்று எனக்குத் தெம்பில்லை. போனில் அவள், "அப்பா வருவாராம்மா?" என்று மட்டும் கேட்டாள். "தெரியலடி"ன்னேன்.

காரை நான் எடுத்துப்போகிறேன். டிரக் சாவி ஆணியில் இருக்கிறது.

லவான்

எழுத விட்டுப்போயிற்று: அட்டையின் நடுவில் பெயருக்கு இடம் இருக்கும். அதை உன் கையாலேயே எழுது. ஷேலின் அவனுக்கு உன் பெயரைத்தான் வைத்திருக்கிறாள்.